ஆளில்லாத வீட்டுத் துணிகள்

இரும்பை இரும்பு தின்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா அக்கா? கேட்டிருக்க மாட்டீர்கள். உங்களைப் பார்த்தால் தெரு நிறைய ஆள் இருக்கிற ஊர்க்காரர் மாதிரி தெரிகிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் கேம்பில் விளக்கு வைத்த பிறகு அது கேட்கும். குக்கரை இறக்கிவைத்துவிட்டுக் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருப்பேன். கர்ர்ர் என்று வரும். நிற்கும். மறுபடியும் கர்ர்ர். முதல் தடவை எலி என்று நினைத்தேன். எலி நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குமா? கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழந்தை விரலைக் கடித்த பிறகுதான் எனக்குச் சுயநினைவே வந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் எதிர் வரிசையில் ஒரு வீட்டு ஜன்னலில் கம்பி ஒன்றுகூட இல்லை. பல் கொட்டின வாய் மாதிரி பொக்கையாகக் கிடந்தது.

இருங்கள், அவளை இப்படிக் கொடுங்கள். எச்சில் ஒழுக்கி உங்கள் சேலையைப் பாழாக்கிவிடுவாள். பல் முளைக்கிற நேரம். ஜன்னலோர சீட்டைக் கொடுத்தீர்களே, அதுவே பெரிய புண்ணியம். பேர் ஆன்லின். எனக்கு ஜெசிந்தா. சாயல்குடியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். இவள் அப்பா அங்கே சோலார் பார்க்கில் வேலை பார்க்கிறார். நான் வருவது அவருக்குத் தெரியாது. போன் எடுக்கவில்லை. அங்கே டவர் சரியில்லை, பாவம்.

முழங்காலில் என்ன காயம் என்றுதானே கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். இதற்குக் காரணம் டாக்டர் சாருமதி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கரண்டுக்குக் கணக்குப் பார்க்கிற டாக்டர். எரிசக்திப் பொருளாதார நிபுணர் என்று டிவியில் பெயருக்குக் கீழே போடுவார்கள். குட்டையான முடி, கைத்தறிச் சேலை, பேசும்போது கையைத் தராசு மாதிரி இரண்டு பக்கமும் விரித்துக்கொள்வார். ஒரு கையில் நிலக்கரி, இன்னொரு கையில் வெயில். எப்போது பார்த்தாலும் வெயில் கைதான் ஜெயிக்கும்.

எங்களுடையது சங்குமேடு அனல்மின் நிலையம். கடலோரம், சுற்றிலும் உப்பளம். கல்யாணமாகி நான் அந்தக் கேம்புக்குள் வந்தபோது வரிசை வரிசையாக வீடு, வீட்டுக்கு வீடு கொடி, கொடி நிறையத் துணி. துணியின்மேல் சாம்பல். உதறி உதறித்தான் உடுத்த வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டவன் கேம்புக்குப் புதுசு என்று சொல்வார்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதும். நைட் ஷிப்டு ஆம்பளைகள் பகலெல்லாம் தூங்குவார்கள் என்று பிள்ளைகள் தெருவில் சத்தமில்லாமல் கிரிக்கெட் விளையாடும். அவுட் ஆனால்கூடக் கிசுகிசுவென்றுதான் சண்டை போடும். இவர் பாய்லர் செக்ஷன். பெயர் ரெக்சன்.

அந்தச் சாருமதி எழுதிக்கொடுத்தார் என்று போன புரட்டாசியில் கடைசிக்கு முந்தின யூனிட்டை நிறுத்தினார்கள். பழைய பாய்லராம், கரி அதிகம் தின்கிறதாம். சரி, ஆபீஸ் விஷயம். ஆனால் யூனிட் நின்றால் ஆளுக்கு இடமாற்றம். ஒவ்வொரு வீடாக லாரி வந்து நின்றது. எங்கள் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா போகிற அன்று சாவியையும் ஒரு பழைய சின்னாளப்பட்டிச் சேலையையும் என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி ஜெசி, பீரோவும் கட்டிலும் உள்ளதான் இருக்கு. அங்க வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் இந்தச் சேலைய அப்பப்ப நனைச்சு எங்க கொடியில போடு. பொழுது சாஞ்சா வெளி லைட்டையும் போட்டு வை. ஆளு இருக்காவன்னு நெனைக்கட்டும் களவாணிப் பய."

"ஒரே சேலை தெனமும் காஞ்சா அவனுக்குத் தெரியாதாக்கா?"

"அப்ப ரெண்டு தாரேன்" என்று ஒரு பாவாடையும் எடுத்துப் போட்டார்.

அது அப்படியே கேம்ப் வழக்கமாகிவிட்டது. போகிறவர்கள் எல்லாரும் சாவி, கூடவே பழைய துணி. லுங்கி, நைட்டி, சின்னதாகிப்போன பள்ளிக்கூட யூனிபார்ம். என் வீட்டு ஆணியில் சாவிக்கொத்து கோயில் மணி மாதிரி தொங்கியது. ஆபீசுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். காலி பண்ணினதாக எழுதிக்கொடுத்துவிட்டுச் சாமானை உள்ளே வைத்திருப்பது தப்பு, தெரிந்தால் கேஸ் போடுவார்கள். சாவி வைத்திருக்கிற எனக்கும் சேர்த்து.

நான் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை அக்கா. கான்வென்ட்டில் எங்களுக்கு எதையும் ஒழுங்காகச் செய்யத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு மாசிலாமணி சார் வீட்டில் லுங்கி என்றால் நாளைக்கு அவர் மருமகள் நைட்டி. மழை வந்தால் ஓடிப்போய் எல்லா வீட்டுத் துணியையும் எடுப்பேன். ஆள் இருக்கிற வீட்டில் மழையில் துணி நனையவிடுவார்களா? ஒரு வீட்டு வாசலில் செருப்பு. இன்னொரு வீட்டு வாசலில் கோலம். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்குக் கோலம் வராது. யூடியூப் பார்த்துப் போட்டேன். இடுப்பில் இவள், கையில் வாளி. ஒரு ஊர்த் துணியையே ஒருத்தியாகத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

அப்படியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வரிசை தள்ளி வரிசை, வீடு தள்ளி வீடு. எங்கள் வரிசையில் நானும் இவளும்தான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சில குடும்பங்கள் உண்டு. கூப்பிட்டால் கேட்காது.

இவர் இருந்தால் பயமிருக்காது. கார்த்திகையில் இவருக்கு அந்த சோலார் வேலை கிடைத்தது. ஆபீஸ் போட்ட இடமாற்றத்துக்குப் போகாமல் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுத் தானாகவே தேடிக்கொண்டது. கெட்டிக்காரர். "நாலு பேரு ஒரே ரூம்ல கெடக்கோம், உன்னையும் பிள்ளையையும் எங்க வைக்க? நீ குவார்ட்டர்ஸ விட்டுறாத. விட்டா போச்சு" என்றார். முதலில் வாரம் ஒரு தடவை வந்தார். பிறகு மாதம் ஒரு தடவை. அலைச்சல், பாவம். போன தடவை வந்தபோது மிக்சியை எடுத்துக்கொண்டு போனார். நாலு ஆம்பளைகள் சட்னி அரைக்க வேண்டாமா? அங்கே நல்ல இஸ்திரிக்காரன் இருக்கிறான் போல, சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் வருகிறது. நான் போட்டால்கூட அப்படி வராது.

இவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எல்லாம் அந்தச் சாருமதி பண்ணின வேலை.

தை மாதம் குவார்ட்டர்ஸைக் கவனிக்கிற எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மிச்சமிருக்கிற குடும்பங்களை டவுன் குவார்ட்டர்ஸுக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அங்கே மாடி வீடு. மேலே ஆள், கீழே ஆள், பக்கத்தில் ஆள். இருமினால் நாலு பேர் கேட்பார்கள். எனக்கு அக்கா, அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. நகை வேண்டாம், சேலை வேண்டாம். இருமினால் கேட்கிற தூரத்தில் ஒரு மனுஷர்.

ஆபீசர் பைலைப் பார்த்துவிட்டு, "அது அடுத்த வருஷம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"கேம்புல பாதிக்கு மேல குடும்பங்க இருக்கே. அவசரமில்லைன்னு ஆய்வுல எழுதியிருக்காங்க."

"எந்த ஆய்வு?"

"சாருமதி மேடம் குழு. சாயங்காலமா வந்து கார்ல ஒரு ரவுண்டு போய்ப் பாத்திருக்காங்க. வீட்டுக்கு வீடு லைட் எரியுது, துணி காயுது. நீங்க ஒருத்தர் வந்து ஆளே இல்லைன்னு சொன்னா எப்படி?"

சொல்ல வாயைத் திறந்தேன். சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். படித்தவர்தானே? டிவியில் தராசு பிடிக்கத் தெரிகிறதே, காரை நிறுத்தி ஒரு கதவைத் தட்டத் தெரியாதா? தட்டியிருந்தால் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அப்போதே தெரிந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்கு நானும் என் பிள்ளையும் இன்னொரு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

அன்றைக்கு நான் முடிவு பண்ணினேன். அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். ஒரே ஒரு ராத்திரி. அந்தம்மா எங்கள் வரிசையில் ஒரு ராத்திரி இருக்கட்டும். அந்தச் சத்தம் அவர் காதில் விழட்டும். பாத்திரம் துலக்கும்போதெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன். பாத்திரம் நன்றாகப் பளபளத்தது.

நேற்று அவராகவே வந்து நின்றார் அக்கா. நேற்றுச் சாயங்காலம். வேன் வந்து நின்றது, கதவைத் தட்டுகிற சத்தம். போய்த் திறந்தால் டிவியில் பார்த்த முகம். தனியாக. துணிப்பை ஒன்று தோளில்.

"வணக்கம்மா. உங்க வீட்டுக்குப் பக்கத்துல நாலஞ்சு வீடு தட்டிப் பாத்தேன், யாருமே திறக்கல. எல்லாரும் வெளியூரா?"

சிரிப்பு வந்தது. இப்போதுதான் தட்டுகிறார்.

"உள்ள வாங்க மேடம்" என்றேன். டீ போட்டேன். முந்திரி போட்ட பிஸ்கட் வைத்தேன். விருந்தாளிக்கு உபசாரம் குறையக் கூடாது. பழி தனி, உபசாரம் தனி.

குழந்தை கையை நீட்டினது. வெட்கம் கெட்டது, யாரிடமும் போகும். அவர் மடியில் போட்டுக்கொண்டு, "மூச்சு நல்லா இருக்கே. இந்தக் கேம்புல நிறைய குழந்தைங்களுக்கு இளைப்புன்னு ஹெல்த் சென்டர்ல சொன்னாங்க" என்றார்.

"இவளுக்கும் இருந்துச்சு. மெஷின் வச்சு ஆவி புடிப்போம். இப்ப இல்ல."

"எப்பத்துல இருந்து இல்ல?"

"ஐப்பசியில இருந்து. புளியம்பட்டி அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன்."

அவர் ஜன்னல் வழியாக நிறுத்தின யூனிட்டின் புகைபோக்கியைப் பார்த்தார். அதில் புகை இல்லை. என்னைப் பார்த்தார். அந்தோணியார் மேல் நம்பிக்கை இல்லாதவர் போலிருக்கிறது.

நான் நேராகவே கேட்டேன். "ஏன் மேடம் ஓடிக்கிட்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னீங்க? உங்களுக்கு நாங்க என்ன பண்ணினோம்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க வீட்டுல பழைய பிரிட்ஜ் ஒண்ணு இருக்குன்னு வைங்க" என்று ஆரம்பித்தார். "ஓடுது. ஆனா கரண்ட்டை குடிக்குது, மாசாமாசம் ரிப்பேர். புதுசு வாங்கினா அந்த ரிப்பேர் செலவுலயே தவணை கட்டிடலாம். என்ன பண்ணுவீங்க? இங்க கரி கப்பல்ல வருது. எங்கேயோ ஒரு நாட்டுல சண்டை வந்தா நமக்கு விலை ஏறுது. வெயிலுக்கு விலை யாரும் ஏத்த முடியாது. ஒரு தடவை தகடு போட்டா போட்டதுதான்."

"சூரியன் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுமே மேடம். எங்க பாய்லர் ராத்திரியும் ஓடும். நைட் ஷிப்டு பாத்த பொண்டாட்டிகிட்ட வந்து சொல்றீங்களே."

அவர் சிரித்தார். "சரியான கேள்வி. அதுதான் எங்க தொழில்லயே பெரிய தலைவலி. ஊர் முழுக்க விளக்குப் போடுற நேரத்துலதான் சூரியன் இறங்குது. அதுக்குத்தான் பேட்டரி, பகல்ல தண்ணிய மேல ஏத்தி ராத்திரி கீழ விடுற அணை. அதுவரைக்கும் கொஞ்சம் கரியும் வேணும். ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்தணும்னு நான் எங்கேயும் எழுதல. மாறித்தான் ஆகணும்மா, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா மாத்துறதுக்கு ஆகுற செலவை யார் தலையில கட்டுறோம்ங்கறதுதான் கேள்வி. கரண்ட் விலை குறையறது ஊருக்கெல்லாம். வீடு காலியாகுறது உங்க ஒரு தெருவுக்கு. அந்தச் செலவை ஊர்தான் ஏத்துக்கணும், தெரு இல்ல."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேசுகிறவர்களுக்குப் பேச்சா குறைச்சல்.

"அப்புறம் ஏன் மேடம் அவசரமில்லைன்னு எழுதினீங்க?"

"எழுதினது பொய் இல்லயே. அன்னைக்கு நானே பாத்தேன். வீட்டுக்கு வீடு லைட், கொடியில துணி, ஒரு வாசல்ல கோலம்கூட..."

"அந்தக் கோலம் நான் போட்டது."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"துணி நான் காயப்போட்டது. லைட் நான் போட்டது. இந்த வரிசையில நானும் நீங்க மடியில வச்சிருக்கிற இதுவும்தான்." ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். சத்தியமெல்லாம் மறந்துவிட்டது. ஆத்திரம் அப்படி.

அவர் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிவியில் ஒரு நாளும் அப்படி ஆகாது. பிறகு, "தப்பு என்னோடதுதான்" என்றார். "இறங்கி ஒரு கதவைத் தட்டியிருக்கணும். எண்ணிக்கைல ஏதோ இடிக்குதுன்னுதான் மறுபடி வந்தேன். கேம்ப்புக்குப் போற பால் பாதிக்கும் கீழே குறைஞ்சிருக்கு. பால் வாங்காத வீட்டுல யாரு துணி துவைக்கறாங்கன்னு யோசிச்சேன். நாளைக்கே திருத்தி எழுதிக் கொடுத்துடறேன். உங்க சாவி விஷயம் அதுல வராது. முதல்ல உங்களையும் குழந்தையையும் டவுனுக்கு மாத்தச் சொல்றேன். நானே ஆபீசர்கிட்ட நேர்ல பேசறேன். மன்னிச்சுக்குங்கம்மா."

பாருங்கள் அக்கா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் மாசக்கணக்கில் கோபத்தை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் காய்ச்சி இறக்கியிருக்கிறேன். வந்தவர் எனக்குப் பசியில்லை என்று எழுந்துவிட்டால்? மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் நடுங்கின நடுக்கத்தை யார் நடுங்குவது?

அதுவுமில்லாமல் வேன் டிரைவரை நான் முன்னாடியே அனுப்பிவிட்டேன். டீ போடுகிற சாக்கில் பின்பக்கமாகப் போய், "மேடம் இன்னைக்கு இங்கதான் தங்குறாங்களாம், காலைல வரச் சொன்னாங்க" என்றேன். அவன் நல்லதாய்ப் போயிற்று என்று கிளம்பிவிட்டான். இனி அவனைத் திரும்பக் கூப்பிட்டு, நான் பொய் சொன்னேன் என்று சொல்லவா முடியும்?

பொழுது இறங்கினதும்தான் அவருக்கு வேன் இல்லை என்று தெரிந்தது. போனில் டிரைவரிடம் பேசினார். "ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டார் போல" என்றார். "பரவாயில்ல, தங்கிக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லயே?"

"தொந்தரவு என்ன மேடம்."

குழந்தை அவர் மடியிலேயே தூங்கிவிட்டது. வாங்கப் போனேன், சிணுங்கியது. "இருக்கட்டும்" என்றார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். மடியில் பிள்ளை தூங்கினால் எழுந்து ஓட முடியாது. பயம் என்றால் என்னவென்று முழுசாகத் தெரிய வேண்டுமானால் மடியில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

"நான் போயி எல்லா வீட்டுக்கும் லைட் போட்டுட்டு வந்துடறேன் மேடம். கதவைச் சாத்திக்குங்க. நான் சாவி போட்டுத் திறந்துக்கிடுவேன். வேற யாரு தட்டினாலும் திறக்காதீங்க."

"யாரு வருவாங்க?"

"கம்பி அறுக்கிறவனுங்க. வெறும் கையோட வர மாட்டானுங்க. போன வாரம் ஒருத்தன் பொம்பளைக் குரல்ல கூப்பிட்டிருக்கான். தெரிஞ்சவங்க பேரையே சொல்லுவானுங்க. என் குரல்லகூடக் கூப்பிடுவானுங்க மேடம், அப்படியே அச்சு அசலா இருக்கும். அழுவானுங்க. நம்பிடாதீங்க."

இதெல்லாம் நானே கட்டினது. அவர் முகம் வெளுத்தது. குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி, இளநீர் குடித்த மாதிரி.

வெளியே வந்து எந்த வீட்டுக்கும் லைட் போடவில்லை. வரிசை முழுக்க இருட்டாகக் கிடக்கட்டும் என்று விட்டேன். இவருடைய டூல்ஸ் பெட்டியில் இருந்து ரம்பப் பிளேடு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தேன். பேச்சியக்கா வீட்டு ஜன்னல் எங்கள் ஹாலுக்கு நேர். அதன் கம்பியில் பிளேடை வைத்து ஒரு இழுப்பு. கர்ர்ர். நிறுத்தினேன். எண்ணி மூச்சு வாங்கினேன், அவனைப் போலவே. மறுபடியும் கர்ர்ர். எங்கள் வீட்டுக்குள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. லைட் அணைந்தது. நானும் முதலில் அப்படித்தான் லைட்டை அணைத்துவிட்டு மூலையில் உட்காருவேன். பார்த்தீர்களா, படித்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னும் இழுத்தேன். பேச்சியக்காவின் கம்பியில் பாதி அறுந்தேவிட்டது. என் ஆயுசில் எந்த வேலையையும் நான் அவ்வளவு மனசாரச் செய்ததில்லை. கான்வென்ட் சிஸ்டர் கேட்டால் சாமியாரிடம் பாவத்தைச் சொல், பாவசங்கீர்த்தனம் செய் என்பார். பாவமாக இருந்தால்தானே சொல்ல வேண்டும்.

கை வலித்தது என்று நிறுத்தினேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை.

பேச்சியக்கா வீட்டுக்குப் பின்பக்கத்தில் இருந்து கர்ர்ர் என்று வந்தது. ஒரு ஆள் இருமினான். இன்னொருவன், "எவம்ல அங்க, நம்ம லைன்ல வந்து அறுக்கிறது?" என்றான்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மாசிலாமணி சார் லுங்கியைக் காயப்போட்டிருந்த கொடி கழுத்தில் மாட்டி, கல்லில் விழுந்து, அதுதான் இந்த முழங்கால். சாவிக்கொத்து கையிலிருந்து எங்கேயோ பறந்துபோய்விட்டது, எங்கள் வீட்டுச் சாவியும் அதில்தான். எங்கள் கதவுக்கு வந்து இரண்டு கையாலும் தட்டினேன்.

"மேடம், திறங்க. நான்தான், ஜெசிந்தா."

மறுபடியும் தட்டினேன்.

"மேடம், அவனுங்க வந்துட்டானுங்க. திறங்க மேடம்."

ஓடி வந்த மூச்சில் என் குரல் எனக்கே என் குரல் மாதிரி இல்லை. உள்ளே இருந்து, கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், நடுங்கிக்கொண்டே அவர் பேசினார்.

"அவங்க சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. அவங்க குரல்லயே கூப்பிடுவீங்கன்னு."

"மேடம், நெசமாவே நான்தான். அது பொய். நான் சும்மா சொன்னேன்."

"அழுவீங்கன்னும் சொன்னாங்க. போலீசுக்குப் போன் போட்டாச்சு. குழந்தை என்கிட்ட இருக்கு. என்ன ஆனாலும் நான் திறக்க மாட்டேன். போயிடுங்க."

என் வீடு அக்கா. என் பிள்ளை. என்னிடமே சொல்கிறார். போலீஸ் வந்து சொன்ன பிறகுதான் கதவைத் திறந்து பிள்ளையைக் கொடுத்தார். உப்புப் போட்டுச் சோறு தின்கிற யாராவது இப்படிச் செய்வார்களா? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். இவர்களைப் போன்றவர்களிடம் ஊரைக் கொடுத்தால் நம்மை வாசலில்தான் நிறுத்துவார்கள் என்று நான் சொன்னால் இவள் அப்பாகூட நம்ப மாட்டார். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. எங்கள் கதவில் மேலே ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. கடல்காற்றில் துருவேறி இறுகிப்போனது. எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று இவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், மறந்துவிடுவார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, தொங்கி, சுத்தியலால்கூடத் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அசைந்ததில்லை. கீழ்த்தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு, கேஸ் சிலிண்டரைக் கதவில் முட்டுக்கொடுத்துத்தான் இத்தனை மாதமும் படுத்தேன்.

குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்று அந்தம்மா சொல்வது கேட்டது. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இழுத்திருக்க வேண்டும். இரும்பு கிரீச்சிட்டது, நின்றது, மறுபடி கிரீச்சிட்டது. பிறகு அந்தத் தாழ்ப்பாள் டக்கென்று குழிக்குள் போய் விழுந்தது.